குன்னூர் மேட்டுல ஏழு மாசமா ஒரு டச்சு எலக்ட்ரிக் சைக்கிள்

நம்ம குன்னூர் பெட்போர்டுல என்னைய சைக்கிளோட பாத்து நிறுத்துறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "அக்கா, இது சிம்ஸ் பார்க் மேடு ஏறுமா?" ஏறுது, நல்லாவே ஏறுது. ஆனா ஏழு மாசம் தினமும் ஓட்டுன பிறகு எனக்கு சொல்லணும்னு தோணுறது வேற விஷயம், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். மலையில எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க பொறுமையா படிங்க.

தம்பி ஆறு வருஷம் நெதர்லாந்துல வேலை பாத்துட்டு திரும்பி வரும்போது வீட்டுச் சாமானோட சாமானா இதையும் கொண்டு வந்தான். இப்ப அவன் இருக்குறது பெங்களூர்ல மூணாவது மாடி, நிறுத்த இடமில்ல, "நீ ஓட்டுக்கா"ன்னு என்கிட்ட விட்டுட்டான். கம்பெனி பேரு வேண்டாம், நான் சொல்லப்போற குறை ஒரு கம்பெனியோடது இல்ல, அந்த ஊருக்குன்னு செஞ்ச சைக்கிள் நிறையத்துக்கு பொருந்தும்.

முதல்ல எனக்கு பிடிச்சத சொல்லிடுறேன். பாத்த உடனே பஞ்சர் கடை அண்ணன் சொன்னாரு, "இது நம்ம பழைய சைக்கிளாட்டமே இருக்குதுங்களே"ன்னு. அது உண்மைதான், ரெண்டுக்கும் பூர்வீகம் ஒண்ணு, இங்கிலாந்துல பொறந்த ரோட்ஸ்டர். நிமிந்து உக்காரலாம், நடுவுல பார் கிடையாது, பின்னாடி நல்ல கெட்டியான கேரியர், பின் சக்கரத்துலயே பூட்டு, சாவி போட்டு ஒரு திருகு திருகுனா வேலை முடிஞ்சுது. செயின் முழுசா பெட்டிக்குள்ள இருக்கு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சேலை மாட்டாம மறைப்பு இருக்கு. நான் வேலைக்கு சேலையிலதான் போவேன், இந்த ஏழு மாசத்துல ஒரு நாள் கூட கிரீஸ் கறை ஆனதில்ல. அக்டோபர் நவம்பர்ல நம்ம குன்னூர்ல பெய்யுற மழை உங்களுக்கே தெரியும், அந்த மழையில ஓட்டியும் செயின் துருப்பிடிக்கல. நம்ம ஊர்ல இப்ப விக்கிற சைக்கிள்ல நிறைய மட்கார்டே இல்லாம ரேஸ் சைக்கிள் மாதிரி குனிஞ்சு ஓட்டுறதா வருது, அத வச்சுக்கிட்டு எப்படிங்க மார்க்கெட் போய் காய் வாங்கிட்டு வர்றது? சைக்கிள்ங்குறது விளையாட்டுச் சாமான் இல்ல, வீட்டுப் பொருள்னு நெனச்சு செஞ்சவங்களோட மரியாதை இந்த சைக்கிள்ல ஒவ்வொரு இடத்துலயும் தெரியுது, அத நான் மனசார பாராட்டுறேன்.

ஏத்தத்துக்கு வர்றேன். இதுல மோட்டார் பெடல் இருக்குற இடத்துல இருக்கு, சக்கரத்துல இல்ல. மலையில இது ரொம்ப முக்கியம். இதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்குனாங்க, அதுல மோட்டார் பின் சக்கரத்து நடுவுல இருந்துச்சு, நான் இரவல் வாங்கி சிம்ஸ் பார்க் ரோட்டுல ஏத்துனேன், பாதி மேட்டுல வேகம் குறைஞ்சு குறைஞ்சு மோட்டார் கட் ஆயிடுச்சு, தொட்டுப் பாத்தா நல்ல சூடு. காரணம் இதுதான், சக்கரத்துல இருக்குற மோட்டாருக்கு கியர் மாத்துறதோட பலன் கிடைக்காது, சக்கரம் மெதுவா சுத்துனா மோட்டாரும் மெதுவாத்தான் சுத்தணும், அப்ப உள்ள போற கரண்ட்ல பெரும்பங்கு சூடாப் போயிடும். பெடல்கிட்ட இருக்குற மோட்டார் நம்ம காலோட சேர்ந்து செயினை இழுக்குது, கியரை குறைச்சா அதுக்கும் சுலபமாயிடுது. என்னோடதுல எட்டு கியர், எல்லாம் பின் ஹப்புக்குள்ளயே, அதாவது சக்கரத்து நடுவுல இருக்குற உருளைக்குள்ளயே மூடி இருக்கு. நின்னுக்கிட்டே கூட கியர் மாத்தலாம், முன்னாடி போற பஸ் திடீர்னு நின்னுட்டா அப்படியே ஒண்ணாம் கியருக்கு போட்டு கிளம்பலாம். ஓடும்போது மட்டும் ஒரு நொடி பெடல்ல அழுத்தத்த விட்டு மாத்தணும், அது ரெண்டு நாள்ல காலுக்கு பழகிடும்.

கணக்கும் போட்டுப் பாத்தேன். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து சுமார் 100 கிலோ. பத்துக்கு ஒண்ணுங்குற மேட்டுல (பத்து மீட்டர் போனா ஒரு மீட்டர் உசரம் ஏறும்) மணிக்கு 10 கி.மீ வேகத்துல ஏற கிட்டத்தட்ட 270 வாட் வேணும். மோட்டார் 250 வாட், மிச்சத்துக்கு என் கால் இருக்கு. அதனால மூச்சு வாங்காம ஏற முடியுது. 400 வாட் அவர் பேட்டரி, வீட்டுலருந்து வெலிங்டன் போய் வர நாலு நாளைக்கு ஒரு தடவ சார்ஜ் போடுறேன், முழுசா ஏத்த அரை யூனிட் கரண்ட் சுமாரு. ஒரு ஞாயித்துக்கிழமை ஊட்டிக்கே போனேன், பேட்டரி காட்டுற அஞ்சு கட்டத்துல மூணு காலியாச்சு, அவ்ளோதான்.

திரும்பி இறங்குனேன் பாருங்க, அங்கதான் இந்த பதிவே ஆரம்பிக்குது.

இதுல ரெண்டு சக்கரத்துலயும் ரோலர் பிரேக். ஹப்புக்குள்ள மூடி இருக்கும், உள்ள கிரீஸ் போட்டிருக்கும், மழைத்தண்ணி படாது, வருஷக்கணக்கா கை வைக்க வேண்டியதில்ல. சமதரைக்கு இத விட நல்ல பிரேக் கிடையாதுன்னே சொல்லலாம். ஆனா ஐரோப்பாவுல இருக்குற நெதர்லாந்துல ரொம்ப உசரமான மலை உச்சியே 322 மீட்டர்தான். நம்ம மலை ரயில் கிளம்புற மேட்டுப்பாளையம் ஸ்டேஷனே 326 மீட்டர்ல இருக்கு! அவங்களோட உச்சியும் நம்ம அடிவாரமும் ஒரே உசரம். அங்க பிரேக்குங்குறது சிக்னல்ல நிக்கிறதுக்கு, இங்க பத்து பதினஞ்சு நிமிஷம் கைய எடுக்காம புடிக்கிறதுக்கு.

எல்லநள்ளி தாண்டி அருவங்காடு வர்றதுக்குள்ள பிரேக் லிவர் கை வரைக்கும் வர ஆரம்பிச்சிடுச்சு, புடிச்சா புடிச்ச மாதிரியே இல்ல, வழுக்கிட்டு போகுது. பின்னாடி ஒரு லாரி வேற. ஓரத்துல மண்ணுல இறக்கி ரெண்டு காலையும் ஊனி எப்படியோ நிறுத்திட்டேன். கருகுன எண்ணெய் வாசனை வந்துச்சு. லேசா தூறல், பின் ஹப்புல விழுந்த துளி சொய்ங்னு சத்தம் போட்டு அப்படியே ஆவியாச்சு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. அந்த சத்தத்த நான் மறக்க மாட்டேன். அரை மணி நேரம் அங்கயே நின்னு ஆறவிட்டு, அப்புறம் தள்ளிக்கிட்டே வெலிங்டன் வந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா அது நடக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். 100 கிலோ 100 மீட்டர் இறங்குனா 98,000 ஜூல், 1000 வாட் அடுப்பை ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல எரிய விடுற சூடு அது. மெதுவா இறங்குனா அதுல பெரும்பகுதி பிரேக்குலதான் இறங்கணும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் உசர வித்தியாசம் 400 மீட்டர் கிட்ட, நாலால பெருக்கிக்கோங்க. காத்து படாத மூடுன டப்பாவுக்குள்ள அவ்ளோ சூடும் அடைஞ்சா கிரீஸ் என்ன ஆகும்? டிஸ்க் பிரேக்னா தகடு வெளிய காத்துல சுத்துது, சீக்கிரம் ஆறிடும். சில பேர் கேக்குறாங்க, இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறாதான்னு. பெடல்கிட்ட மோட்டார் இருக்குற இந்த மாதிரி சைக்கிள்ல ஏறாதுங்க, இறக்கத்துல சக்கரம் தனியா ஓடுது, மோட்டாருக்கும் அதுக்கும் அப்ப தொடர்பே இல்ல, மோட்டார் நம்மள தடுத்துப் புடிக்கவும் செய்யாது. பிரேக் ஒண்ணுதான் துணை.

டயர் விஷயத்தையும் சொல்லணும். 28 இஞ்ச்னு போட்டிருக்கு, நம்ம பழைய பெரிய சைக்கிளும் 28தான், அதனால சுலபமா கிடைக்கும்னு நெனச்சு கடையில ஒண்ணு வாங்கி மாட்டப் பாத்தா லொடலொடன்னு நிக்குது. டயர் ஓரத்துல சின்னதா இருக்குற நம்பரைப் பாக்கணும், அது ரிம்முல டயர் உக்காருற இடத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல, இதோடது 622, நம்மூரு பழைய சைக்கிளோடது 635. கியர் சைக்கிள்ல 700ன்னு சொல்ற சைஸும் இந்த 622தான், கோயம்புத்தூர்ல கியர் சைக்கிள் விக்கிற கடையில அப்படி கேட்டு வாங்குனேன், பொருந்துச்சு. ஆனா வால்வு மட்டும் நம்ம சைக்கிள் வால்வுதான், எந்த பஞ்சர் கடை பம்புலயும் காத்து அடிக்கலாம், அதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

எடை 26 கிலோ. நம்ம ஊர்ல யாரு வீடுங்க ரோட்டு மட்டத்துல இருக்கு? எங்க வீட்டுக்கு இருபத்திரெண்டு படி. படி ஓரமா பலகை அடிச்சு, நடக்கும்போது மெதுவா தள்ளிக் கொடுக்குற பட்டனை அமுக்கிட்டு ஏத்துறேன். வயசானவங்க, முட்டி வலி இருக்குறவங்க வாங்குறதுக்கு முன்னாடி இத யோசிங்க. இன்னொண்ணு, சத்தமே வராத வண்டி, சாயங்காலம் வளைவுல காட்டுமாடு நின்னா அதுக்கு நம்ம வர்றது தெரியாது, நான் ஒவ்வொரு வளைவுலயும் மணி அடிச்சிட்டுத்தான் திரும்புவேன்.

இப்பவும் தினமும் இதுலதான் போறேன், ஆனா ஊட்டி வரைக்கும் போறதில்ல, பெட்போர்டு இறக்கத்துலயும் ரெண்டு இடத்துல நின்னு ஆறவிட்டுத்தான் இறங்குறேன். ஸ்கூட்டர வித்ததுக்கு ஒரு நாளும் வருத்தப்படல. சீசன்ல ரோட்டுல நிக்கிற வண்டி வரிசைய பாருங்க, 2024 மே மாசத்துலருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தும் எவ்ளோ கூட்டம்! உள்ளூர்ல ரெண்டு மூணு கி.மீ போக வர நமக்கு இந்த மாதிரி வண்டிதான் வேணும்னு நான் உறுதியா நம்புறேன். இதே நிமிந்த சீட்டு, இதே செயின் பெட்டி, இதே கேரியர், பெடல்கிட்ட மோட்டார், ரெண்டு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக். மோட்டாரும் பம்பும் செய்யுற கோயம்புத்தூர் மலைக்கு கீழயே இருக்கு, அங்க யாராவது மனசு வச்சா நடக்கும்.

யாருக்காவது ஓட்டிப் பாக்கணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலைல ட்ராஃபிக் வர்றதுக்கு முன்னாடி சிம்ஸ் பார்க் கேட்டுக்கு வாங்க. மேல ஏத்த வேண்டாம், முதல்ல கீழ இறக்கிப் பாருங்க, நானும் கூடவே நடந்து வர்றேன்.