போட்டி இருக்கிறது, ஸ்கோர் இல்லை

டிசம்பர் 26, விடியற்காலை ஐந்தேகால் மணி. வேலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருந்த என் சகலையின் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. மெல்போர்னில் டெஸ்ட் ஆரம்பித்துவிட்டதாம். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும். நம் அணிகூட இல்லை. அங்கே ஒருவன் தொடாமல் விட்ட பந்து எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது, எங்கே குத்தியது, ஸ்டம்புக்கு எவ்வளவு மேலே போனது என்பதெல்லாம் போர்வைக்குள் படுத்திருக்கும் மனிதருக்குத் தெரிகிறது. அதே கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு மைதானத்தில், முந்தைய நாள் மாலை எங்கள் பல்கலைக்கழக வாலிபால் அணி ஜெயித்ததா, தோற்றதா? அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு நாதி இல்லை.

ஆமாம், எனக்குக் கல்லூரி விளையாட்டுப் பைத்தியம். வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் மூன்று வருடம் வாலிபால் அணியில் இருந்தேன். அதில் இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தேன். சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி, பதினைந்துக்கு ஒரு செட் என்றிருந்த காலம் அது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, "உங்கள் பையன் ஆடுகிறானா?" எனக்குப் பையனே கிடையாது. "அப்புறம் எதற்கு?" மெல்போர்னில் ஆடுகிறவன் எல்லாம் என் சகலையின் பையன்களா? அவரை யாரும் கேட்பதில்லை.

அரையாண்டு விடுமுறை என்று சென்னையிலிருந்து அக்கா குடும்பமும், பெங்களூரிலிருந்து சகலை குடும்பமும் வந்திருந்தார்கள். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர், ஒரு வேன், மூன்று நாள். நான் உள்ளூர்க்காரன் என்பதால் வழிகாட்டி நானே, கணக்குப்பிள்ளை நானே, கோயில் வாசலில் செருப்புக்குக் காவலும் நானே. போட்டியும் அதே மூன்று நாளில்தான் வந்து தொலைத்தது. "இந்த வருடமாவது குடும்பத்தோடு இருங்கள்" என்றாள் மனைவி. இருந்தேன். உடம்பு மட்டும்.

முதல் நாள், அதாவது 25ஆம் தேதி, கோட்டை. அகழியைப் பார்த்தபடி சகலை பழைய சொலவடையை எடுத்துவிட்டார். வேலூரில் ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை. கோயில் இருக்கிறது, சாமி இல்லை. நான்காவதாகப் பெண்களைப் பற்றி ஒன்று உண்டு. கூட எட்டுப் பெண்கள் இருந்ததால் அதை விழுங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோயிலில் சாமி இல்லை என்பது 1981 வரைக்கும்தான் ஐயா. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அந்த வருடம் கொண்டுவந்து ஜலகண்டேசுவரர் கோயிலில் மறுபடியும் நிறுவிவிட்டார்கள். பாலாற்றில்கூட 2021 நவம்பரில் இரு கரை தொட்டுத் தண்ணீர் வந்தது.

"சத்துவாச்சாரியா? அங்கே வேறு என்ன விசேஷம்?" என்றார் சகலை. கேட்டிருக்கக் கூடாது. அந்த ஊர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் என்று ஆரம்பித்தேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம். ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம், 317 கிலோ. அந்தச் சத்துவாச்சாரியைத் தாண்டித்தான் அக்காவின் கார் அன்று காலையில் வந்தது. சகலை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியா! ஐபிஎல்லில் வேலூர்க்காரர் யாராவது இருக்கிறார்களா?" என்றார். நான் அகழியைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அதில் முதலைகள் இருந்தனவாம்.

அன்று இரவு முழுக்க முயன்றேன். பல்கலைக்கழக இணையதளத்தில் 'விளையாட்டு' என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு பழைய டெண்டர் அறிவிப்பு. போட்டியை நடத்துகிறவர்களின் முகநூல் பக்கத்தில் தொடக்க விழாப் படங்கள் நாற்பத்திரண்டு. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், சமாதானப் புறா மாதிரி பலூன் விடுகிறார்கள். நாற்பத்திரண்டு படத்தில் ஒன்றிலாவது பந்து இருக்க வேண்டுமே? மூன்றாவது வரிசை நாற்காலிக்குக் கீழே ஒன்று கிடந்தது. கடைசியில், மறுநாள் காலை மெல்போர்னில் தேநீர் இடைவேளை வந்த பிறகு, அணியோடு போயிருந்த ஒரு பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை வைத்தான். ஜெயித்துவிட்டோம் என்று நானாகவே பொருள் கொண்டேன். அப்படியானால் இன்று காலிறுதி.

இந்தக் காலிறுதி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் காலிறுதி வரை நாக் அவுட். அதில் ஜெயிக்கும் நான்கு அணிகள் பிறகு ஒன்றோடொன்று லீக் ஆடும். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஆகவே பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு முழுவதும் இந்த ஒரு ஆட்டத்தில் தொங்குகிறது. எங்கள் லிஃப்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன், குடியாத்தம் பக்கத்துப் பையன், தறிக்காரர் மகன். பின்னால் பார்க்காமலே பின்பக்கம் பந்தைத் தூக்கிக் கொடுப்பான். எதிர் அணியின் பிளாக் வலது பக்கம் எகிறும்போது பந்து இடது பக்கம் இறங்கியிருக்கும். வேலூர் நேதாஜி ஸ்டேடியத்தில் அவன் காலையில் பயிற்சி செய்வதை வேலி ஓரமாக நின்று இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

காலிறுதி பத்து மணிக்கு. பத்து மணிக்கு நாங்கள் ஸ்ரீபுரம் பொற்கோயில் வாசலில். வரிசையில் நிற்கும்போதே, யூடியூபில் நேரலை ஓடுகிறது என்று அந்தக் கட்டைவிரல் பையன் இணைப்பு அனுப்பினான். திறந்தேன். பார்ப்பவர்கள் முப்பத்தொரு பேர், என்னோடு முப்பத்திரண்டு. யாரோ ஒரு புண்ணியவான் தன் போனைக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறான். கட்டியவன் கொஞ்சம் பார்த்துக் கட்டியிருக்கலாம். திரையில் பாதி விருந்தினர் மேடை, கால்வாசி நடுவரின் முதுகு, மீதியில் வலை. ஸ்கோர் பலகை எங்கே? கண்ணில் படவே இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு. சத்தம் எழுந்தால் புள்ளி விழுந்தது என்று தெரியும்; யாருக்கு விழுந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இரண்டாவது செட்டா, மூன்றாவது செட்டா என்று கண்டுபிடிப்பதற்குள் திரை உறைந்து நின்றுவிட்டது. போனுக்குச் சொந்தக்காரனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எடுத்துப் பேசிவிட்டான்.

அதற்குள் எங்கள் வரிசை கைபேசி வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. உள்ளே கைபேசி கூடாது; அது கோயிலின் விதி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டு நட்சத்திர வடிவப் பாதையில் நடந்தேன். வழிநெடுகப் பலகைகளில் பொன்மொழிகள், பற்றை விடு, ஆசையை விடு என்கிற ரகத்தில். எதிரே ஆயிரத்து ஐந்நூறு கிலோ தங்கம் தகதகவென்று எரிகிறது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நீயும் ஏதாவது வேண்டிக்கொள்ளடா" என்றார். நாலாவது செட்டை வேண்டிக்கொண்டேன்.

மதியம் ஆம்பூர். பிரியாணியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய். கோபத்திலும் இரண்டு தட்டு போனது. ஆனால் அந்தக் கடையில் மூன்று டிவி. ஒன்றில் மெல்போர்னின் மறு ஒளிபரப்பு, இன்னொன்றில் எப்போதோ முடிந்த ஐபிஎல் ஆட்டத்தின் சிறப்புக் காட்சிகள், மூன்றாவதில் ஏதோ நாட்டுக் கால்பந்து. நம் வட ஆற்காட்டுப் பையன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தை ஆடி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆம்பூரில் அதற்கு ஒரு மூலையில் எழுத்து ஓடக் கூடாதா?

டிவியில் வராது, சரி, புரிகிறது. பணம் இல்லை, விளம்பரதாரர் இல்லை. நான் ஒளிபரப்பா கேட்டேன்? ஸ்கோர் கேட்கிறேன். வாலிபால் ஆட்டத்தில் ஸ்கோரர் என்று ஒருவர் நடுவருக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். யார் சர்வீஸ், எந்தப் புள்ளி, யார் உள்ளே, யார் வெளியே, எப்போது டைம் அவுட், எல்லாவற்றையும் ஒவ்வொரு புள்ளியாகத் தாளில் குறிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதாவது நான் நாள் முழுதும் நாயாய்த் தேடும் விவரம், கையெழுத்தோடு, ஒரே தாளில், மேசை மேல் கிடக்கிறது! அதைப் போனில் ஒரு படம் எடுத்துப் போட எத்தனை வினாடி ஆகும்? குத்துவிளக்குக்கு நாற்பத்திரண்டு படம் எடுத்த அந்தக் கைக்கு நாற்பத்து மூன்றாவது படம் எடுக்க என்ன வலி?

வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜும் கேரளப் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்தான். பிறகு இத்தாலிக்குப் போய் ஆடினார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இருந்தார். நாளைக்கு எங்கள் தறிக்காரர் மகன் பெரிய ஆளாகிவிட்டால், இவன் எங்கள் மண்ணின் மைந்தன் என்று பேனர் வைக்க வருகிறவர்களிடம் அவன் ஆடிய ஆட்டங்களின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள்.

சாயங்காலம் ஏலகிரி ஏறினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினேன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவிலும் ஒரு கோடு கிடைக்கவில்லை. அக்கா மகள் வாந்தி எடுத்தாள். "போனைப் பார்க்காதே என்று சொன்னேனே" என்று அவளைத் திட்டிய அக்கா, பிறகு என்னையும் பார்த்தார்.

மறுநாள் காலை ஏலகிரிக் குளிரில் டீக்கடையில் பேப்பர் கிடைத்தது. எட்டாம் பக்கத்தில் செய்தியே வந்திருக்கிறது! 'பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான கைப்பந்துப் போட்டி.' இந்தக் கைப்பந்து என்ற சொல்லே ஒரு தலைவலி. வாலிபாலுக்கும் அதுதான், ஹேண்ட்பாலுக்கும் அதுதான். போகட்டும். ஆவலோடு படித்தேன். தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வாழ்த்துரை, நன்றியுரை, தொகுத்து வழங்கியவர், ஒன்பது பெயர்கள். ஆடியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. 'விறுவிறுப்பான ஆட்டங்கள் நடைபெற்றன' என்று முடித்திருந்தார்கள். விறுவிறுப்பாக நடந்தது உமக்கு எப்படி ஐயா தெரியும்? பக்கத்தில் சகலை டீயை உறிஞ்சியபடி மெல்போர்னில் ஒருவன் எத்தனாவது பந்தில் அவுட் ஆனான் என்று எனக்கு வாசித்துக் காட்டினார். பேப்பரை மடித்து பஜ்ஜி எண்ணெயை ஒற்றினேன்.

ஊர் திரும்பிய அன்றே கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரை போனில் பிடித்தேன். நல்ல மனிதர். "ஜெயித்துவிட்டோம் சார், அகில இந்தியாவுக்குத் தகுதி பெற்றுவிட்டோம்!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை செட் என்றேன். "அஞ்சு செட் போனதாகத்தான் கேள்வி." ஐந்தாவது செட்? "கடைசி வரை டைட்டாம் சார். ஸ்கோர் ஷீட் போட்டி நடத்தியவர்களிடம் இருக்கும். பரிசளிப்பு விழா போட்டோ இருக்கிறது, அனுப்பட்டுமா?"

அனுப்பினார். சால்வை, மாலை, கோப்பை. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு எங்கள் லிஃப்டர் நிற்கிறான், ஒரு காதும் ஒரு தோளும் மட்டும்.

இன்றோடு பதினோரு நாள். 15-13 ஆ, 16-14 ஆ, அதற்கும் மேலே இழுத்ததா? அந்த முப்பத்திரண்டு பேரில் யாராவது கடைசி வரை பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.