22-வது நாள் போட்டோ

வெள்ளிக்கிழமை காலையில நம்ம ஏரி நடைக் குழுவுல வந்த அந்தப் போட்டோவைப் பத்தித்தான் எழுதுறேன். பார்த்தவங்களுக்குத் தெரியும். பார்க்காதவங்களுக்காக அதை நான் இங்க திரும்பப் போடப் போறதில்ல.

நம்ம குழுவுல ஒரு அண்ணன் சிகரெட்டை விடணும்னு, 21 நாள் சவால்னு பேர் கொடுத்து, தினமும் டிக் போட்டு, கடைசி நாள் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில அவருக்குச் சால்வை போர்த்திக் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். மறுநாளே பெட்டிக்கடை ஓரத்துல அவர் கையில சிகரெட். யாரோ தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுத்து குழுவுல போட்டாச்சு. கீழே 43 சிரிப்பு எமோஜி. எண்ணினேன். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா"ன்னு ஒரு பெரியவர். ஒன்பதே காலுக்கு அண்ணன் குழுவை விட்டே போயிட்டார்.

அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல.

இந்த 21 நாள் கணக்கை யார் கொடுத்தாங்கன்னு ஒருத்தராவது கேட்டோமா? 1960-ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குத் தன்னோட புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். அந்த "குறைஞ்சது" எங்கேயோ விழுந்துபோச்சு, 21 மட்டும் நம்ம கையில வந்து சேர்ந்துச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு நிஜமாவே கணக்குப் பார்த்தாங்க. ஒரு புதுப் பழக்கம் தன்னால வர்ற அளவுக்கு ஊற சராசரியா 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் இழுக்கும்னு கணக்கு. அதுவும் மதியச் சாப்பாட்டோட ஒரு பழம், தண்ணி, இந்த மாதிரி விஷயத்துக்கு. நடுவுல ஒரு நாள் தவறினா எல்லாம் பாழாகிடாதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. பழம் சாப்பிடவே இவ்வளவு நாள்னா, நிக்கோடினை விடுறவருக்கு நாம வச்ச கெடு எவ்வளவு அநியாயம்?

இன்னொண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. நடை முடிஞ்சு தினமும் எங்க நிக்கிறோம்? ஒரு காபியை ரெண்டாப் பிரிச்சு பை-டூ குடிக்க அதே பெட்டிக்கடைக்குப் பக்கத்துல. 20 வருஷமா காபி கிளாஸும் சிகரெட்டும் ஒண்ணாவே பிடிச்ச கை அது. காபி வாசனை வந்தாலே அந்தக் கை எதையோ தேடும். ஏழே காலுக்கு டாண்ணு அவரை அங்க கொண்டுபோய் நிறுத்தினது நாமதான். கடையை மாத்தலாமேன்னு எனக்கும் தோணல. 21 நாள் அவர் அங்க நின்னு கைகட்டிட்டு இருந்தாரே, அதை யாரும் போட்டோ எடுக்கல.

"சும்மா விளையாட்டுக்குத்தானே சிரிச்சோம்"னு சொல்லுவீங்க. இந்த விளையாட்டு எனக்குத் தெரியும். எங்க வீட்டுல அதை ஆடினதே நான்தான்.

1994. மர்ஃபி டவுன் வீடு. எனக்கு 11 வயசு. அப்பா பீடியை விட்டு ஒரு மாசம் ஆச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தார். ஒரு சாயங்காலம் மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து பிடிச்சுட்டு இருந்ததை நான் பார்த்துட்டேன். ஓடி வந்து கூடத்துல கத்தினேன். பெரியப்பா சிரிச்சார், அத்தை சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். படியிறங்கி வந்த அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சார். அதுக்கப்புறம் நாலு வருஷம் "விடுறேன்"ங்கிற வார்த்தையே அவர் வாயில இருந்து வரல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியேதான் பிடிச்சார். சிரிச்சா அவமானத்துல விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. ஒளிஞ்சுக்குவாங்க. அவ்வளவுதான் நடக்கும்.

1998-ல விட்டார். எப்படின்னா, ஃபாக்டரி பஸ்ஸுக்கு நிக்கிற ஸ்டாப்புல பீடிக்கடை இருந்துச்சு. அந்த ஸ்டாப்பை விட்டுட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் ஏற ஆரம்பிச்சார். சட்டைப் பையில சின்ன எவர்சில்வர் டப்பா, உள்ள லவங்கம். வாய் ஊறும்போதெல்லாம் ஒண்ணு. ராத்திரி அம்மா அந்த டப்பாவைத் திறந்து பார்த்து ரொப்பி வைப்பாங்க. எத்தனை தீர்ந்துச்சு, ஏன் குறையலன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. நடுவுல ரெண்டு மூணு தடவை பீடி வாசனையோட வந்திருக்கார். அன்னைக்கும் டப்பா ரொம்பித்தான் இருந்துச்சு. நான் அப்போ சிரிக்காம இருந்திருந்தா அந்த நாலு வருஷம் மிச்சமாகியிருக்குமோன்னு இன்னைக்கும் உறுத்துது.

"மனசு இருந்தா போதும், நான் ஒரே நாள்ல விட்டேன்"னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. சந்தோஷம், மனசாரச் சொல்றேன். ஆனா உதவி இல்லாம விடப் பார்க்கிறவங்கள்ல 4 சதவீதம் பேருக்குத்தான் அது நிலைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நீங்க அந்த நாலுல ஒருத்தர். மிச்ச 96 பேரும் மனசில்லாதவங்களா? இலவச உதவி எண் 1800-11-2356, சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கு. நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. 43 பேர் எமோஜி போட்ட நேரத்துல ஒருத்தராவது அந்த எண்ணை அனுப்பியிருக்கலாம்.

பொது இடத்துல பிடிச்சது தப்புன்னா, தப்புதான். தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.

நேத்து அண்ணனுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கல. இன்னைக்குக் காலையில ஏரியோட அந்தப் பக்கம், தமிழ்ச் சங்கத்துக்கு எதிர்த் திசையில, தனியா நடந்து போய்ட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமா திரும்பிட்டார்.

போட்டோ எடுத்த தம்பி, இதை நீ படிப்பேன்னு தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கும் அது குழுவுல அப்படியே இருக்கு. அழிச்சிடுப்பா.