தை பிறக்கட்டும், தை பிறக்கட்டும்!

வேலையை ஆரம்பிக்கச் சொல்லவில்லை. எதையும் இடிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை வந்து மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். வீட்டைச் சரிசெய்ய எந்தக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டாலும் அதற்கும் "தை பிறக்கட்டும் சார்"!

திருவல்லிக்கேணியில் 80 வருஷப் பழைய வீடு எங்களுடையது. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதற்கு மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதித்த தளம். இந்த வருஷம் வீட்டை முழுசாகச் சரிசெய்துவிடுவது என்று முடிவு. கூரை, மரக்கட்டை மேல் ஓடும் பழைய வயரிங், துருப்பிடித்த இரும்புக் குழாய், உப்புப் பூத்த சுவர் எல்லாம் சேர்த்து. பணமும் ஒருவழியாகத் தயார். ஆள்தான் கிடைக்கவில்லை.

ஐப்பசியில் கேட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார்ப் பசங்கள் அவர்கள் ஊர்ப் பண்டிகையான சத் பூஜை முடிந்துதான் திரும்புவார்கள் என்றார் ஒரு கான்ட்ராக்டர். கார்த்திகையில் மழை. சரி, அது நியாயம். சென்னைக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவன்தான் நானும். இப்போது மழை விட்டால் மார்கழி. மார்கழியில் அட்வான்ஸ் வாங்கமாட்டாராம். எஸ்டிமேட் போடவுமா நல்ல நாள் பார்ப்பார்கள்? அது முடிந்தால் பொங்கல். ஒரு வாரத்துக்கு ஒருத்தரும் போனை எடுக்கப் போவதில்லை.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பழைய வீட்டுக்குத் திட்டம் போட வேண்டிய காலமே இதுதான். ஒழுகும்போது பார்த்தால்தானே எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்? தண்ணீர் இறங்கும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. எங்கள் கூடத்தில் ஊஞ்சல் கொக்கிக்குப் பக்கத்தில் சொட்டுகிறது. மேலே விரிசல் இருப்பதோ எட்டடி தள்ளி, கைப்பிடிச் சுவர் ஓரத்தில். நடுவில் உத்தரத்தை ஒட்டியே நகர்ந்து வருகிறது. இதைக் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி குடையோடு மாடியிலும் டார்ச்சோடு ஏணியிலும் நின்றிருக்கிறேன். தும்மல் இன்னும் நிற்கவில்லை.

போன வருஷம் தை பிறந்து, வழியும் பிறந்து, ஒருவர் வந்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. "எங்க சார் ஒழுகுது?" என்றார். மாடிப்படி ஏறவே இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கிறுக்கி, "மேல ஒரு சிமென்ட் பூச்சு, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட், முடிஞ்சுது" என்று நீட்டினார். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டை அப்பினால், போன ஈரம் உள்ளேயே கிடக்கும். சுவருக்குள் சொருகியிருக்கும் உத்தரத்து நுனிதான் முதலில் உளுத்துப்போகும். இதைச் சொன்னால், "யூடியூப் நிறையப் பாப்பீங்களா சார்?" என்கிறார். இன்னொருத்தருக்கு இந்தக் கஷ்டம்கூட வேண்டாம். "பேசாம இடிச்சிட்டு ஃபிளாட் போட்டுடுங்க." அதைக் கேட்கவா ஐயா உங்களைக் கூப்பிட்டேன்?

அதனால் இந்தத் தடவை ஆதாரத்தோடு தயாராக இருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் எதுவரை படர்ந்ததோ அதைச் சுற்றி நீல சாக்பீஸால் கோடு, பக்கத்தில் தேதி. நவம்பரில் தாம்பாளம் அளவு இருந்தது, டிசம்பரில் பாய் அளவுக்கு வந்துவிட்டது. கூடத்து மேல்தளம் இப்போது புயல் சின்னம் காட்டுகிற வானிலைப் படம் மாதிரி இருக்கிறது. தையில் யார் வந்து "எங்க சார் ஒழுகுது?" என்றாலும் விரலை நீட்டிவிடலாம்.

நேற்று அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, போகிக்கு முன்னால் கூடத்துக்கு மட்டுமாவது வெள்ளையடித்துவிடலாம் என்கிறாள். அதற்கு மட்டும் ஆள் நாளைக்கே வருகிறாராம்.