ஆல் பாஸ் என்று சொல்லிச் சிரிக்காதீர்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். கல்லூரி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்லாம் கொரோனா ஆல் பாஸ் பேட்ச்தானே, உங்களை நம்பி யாரு வேலை கொடுப்பா?" என்று அந்தப் பெரிய மனிதர் கேட்கிறார். முன்வரிசைப் பேராசிரியர்கள் கைதட்டுகிறார்கள். பிள்ளைகளே சிரிச்சாங்களே என்று சிலர் சமாதானம் சொல்கிறீர்கள். வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர் எதிரே உட்கார்ந்து அழவா முடியும்?

ஆல் பாஸ் அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கியதல்ல. 2020இல் ஜூன் 15 பத்தாம் வகுப்புத் தேர்வு என்று அறிவித்துவிட்டு, 9ஆம் தேதி ரத்து செய்தது அரசு. காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். அரையாண்டில் சறுக்கி, அதன்பிறகு விழுந்து விழுந்து படித்த பிள்ளையின் உழைப்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது? அடுத்த வருடப் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. வெறும் தேர்ச்சி.

இன்னொன்று. 2020இல் பத்தாவது ஆல் பாஸ் ஆனவர்கள் 2022இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினார்கள். 2021 பிள்ளைகள் 2023இல் எழுதினார்கள். 2021இல் பிளஸ் டூ தேர்வு ரத்தானவர்கள் அதற்கு முன்பே பத்தாவது பொதுத்தேர்வு எழுதியவர்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படித்து வந்த இவர்களில் பொதுத்தேர்வே எழுதாத பேட்ச் எது, காட்டுங்கள்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வகுப்பில் ஒரு பெண். அவளுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் அப்பா லோடு ஏற்றிவிட்டு வீடு திரும்பினால்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸப்பில் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவாள். பாதிப் பக்கத்தில் அவள் கை நிழல் விழுந்திருக்கும். கீழே, "டீச்சர் நெட் முடிஞ்சிருச்சு, மீதி கணக்கு நாளைக்கு." பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. மில் வேனில் போகிறாள் என்றார்கள். வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். "அதான் பாஸ் போட்டுட்டாங்கள்ல டீச்சர், இனி எதுக்கு?" என்றார் அவள் அம்மா. கடைசிவரை வரவே இல்லை. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களாவது எப்படியோ தட்டுத்தடுமாறிக் கல்லூரி வரை வந்துவிட்டவர்கள்.

தரம் குறைந்தது உண்மைதானே என்பீர்கள். குறைந்தது. ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 வரை பள்ளியே திறக்கவில்லை, குறையாமல் என்ன செய்யும்? ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டெழுத்துச் சொல்லை எழுத்துக்கூட்டித் திணறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதற்காகத்தானே இல்லம் தேடிக் கல்வி என்று மாதம் 1000 ரூபாய்க்கு நம் ஊர்ப் பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மனிதர் அதில் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்தாரா?

"நீங்க வீட்ல இருந்தே சம்பளம் வாங்கினவங்கதானே" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. செல்போன் இல்லாத வீடுகளுக்கு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஒர்க்‌ஷீட் கொடுத்தோம். தொற்று வந்து, என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பறிகொடுத்தோம். எல்லா ஆசிரியரும் அப்படி உழைத்தார்களா என்றால் இல்லை. எந்த வேலையில்தான் எல்லோரும் உழைக்கிறார்கள்? எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போங்கள், சம்பளம் வாங்குகிறோம், கேட்டுக்கொள்கிறோம். பதினைந்து வயதில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளையை ஏன் குத்திக்காட்டுகிறீர்கள்?

வேலைக்கு எடுப்பவர்கள் தேர்வு வையுங்கள், நேர்காணல் வையுங்கள். தேறவில்லையென்றால் தாராளமாக அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆன்லைன் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. 2021 பிள்ளைகள் அதில் என்ன எழுதுவது என்று கேட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். அந்தக் கட்டாயத்தை எடுங்கள்.