கையால தட்டுறதுதானே?

விழாவில எங்கட மேளத்தை அடிக்க வந்த அதிதியிட்ட மோதிரத்தைக் கழட்டச் சொன்ன அந்த வீடியோவைப் பார்த்திட்டு இன்பொக்ஸில உபதேசம் பண்ணின எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். தனித்தனியா எழுத ஏலாது.

ஓம், அதிதியிட்ட மோதிரத்தைக் கழட்டச் சொன்னது எங்கட மேளக் குழுப் பிள்ளைதான். "சேர், மோதிரத்தைக் கழட்டிட்டு வாசிங்கோ" எண்டு மரியாதையாத்தான் சொன்னவள். அதுக்கு அவர் சிரிச்சுக்கொண்டு கழட்டினதை வெட்டிப்போட்டு மிச்சத்தை மட்டும் போட்டிருக்கினம். கீழ கொமென்ட்: "ஒரு மேளத்துக்கு இவ்வளவு அலட்டலா? கையால தட்டுறதுதானே?"

கையால தட்டுறதுதான். அதாலதான் கழட்டச் சொல்லுறம்.

நாங்கள் வாசிக்கிறது ஜெம்பே, மாலி, கினிப் பக்கத்துக் கைமேளம். அதில டோன் அடி, அதாவது விளிம்போட அடிக்கிற தெளிவான அடி, எப்பிடி விழுது எண்டு ஒருக்காப் பாருங்கோ. உள்ளங்கையிட மேல்மேடு மேளத்தின்ட விளிம்பில படும், நாலு விரலும் ஒட்டினபடி தோலில விழும். விரல் தொடங்குற இடம், அதாவது மோதிரம் இருக்கிற இடம், சரியா விளிம்புக்கு மேல வந்து நிக்கும். தோல் வளைஞ்சு உச்ச இழுவையில நிக்கிறதும் அங்கதான். கீழ மரம், மேல தங்கம், நடுவில மெல்லிய ஆட்டுத்தோல். சின்னதா ஒரு கீறல் விழும், அண்டைக்கு ஒண்டும் தெரியாது. பிறகு கச்சான், அதாவது வெயில்காலத்துக் காய்ஞ்ச காத்துக்குத் தோல் இறுகேக்க அந்தக் கீறல் ஓடிப் பிளக்கும். பக்கத்தில ஆளே இருக்காது. ஒட்டவும் ஏலாது, தைக்கவும் ஏலாது.

"தோல்தானே, வேற போடுங்கோவன்" எண்ட அண்ணைக்கு: வாங்கோ, சேர்ந்து போடுவம். காய்ஞ்ச தோலைப் பச்சைத்தண்ணியில நல்லா இளகுமட்டும் ஊறப்போடவேணும். அவசரத்துக்குச் சுடுதண்ணி ஊத்தினா தோல் வெந்து சுருங்கும், அதோட சரி. பிறகு வளையத்துக்குள்ள மடிச்சு, மேல் வளையத்தை வைச்சு, இழுபடாத 5 மில்லிமீற்றர் கயிறு போட்டு அளவா இழுக்கவேணும். ஈரத்திலயே முழுசா இறுக்கினா காயேக்க வெடிக்கும். நிழலில மூண்டு நாலு நாள், மாரியில அதுக்கும் மேல. காய்ஞ்சாப்பிறகு மயிரைச் சவர அலகால வழிச்சு, மேலும் கீழுமா ஓடுற நிலைக்கயிறுகளை ஒவ்வொண்டா திரும்ப இழுத்து, கடைசியா குறுக்குப் பின்னல். கையுறை இல்லாட்டி உங்கட உள்ளங்கைத் தோலும் சேர்ந்து உரியும். இவ்வளவும் ஒரு மோதிரத்துக்காக.

திருகோணமலையில இது இன்னும் பெரிய வேலை. மாரிகாலத்து ஈர வாடைக்குத் தோல் தொய்யும், சத்தம் செத்துப்போகும், நாங்கள் பின்னலைக் கூட்டி இறுக்குவம். கச்சான் தொடங்க முதல் அதே பின்னலை அவிழ்க்காட்டி தோல் தானாவே வெடிக்கும். இதெல்லாம் தெரியாம அண்டைக்கு ஏற்பாட்டுக்காரர் மேளங்களைப் பின்னேரம் மூண்டு மணி வெயிலில மேடையில அடுக்கி வைச்சிருக்கினம். அலங்காரமாம்! நாங்கள் போய் நிழலுக்குத் தூக்கினதையும் "ஆர்ப்பாட்டம்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். நல்லாயிருங்கோ.

"பெரிய மனிசரிட்ட இப்பிடிச் சொல்லலாமோ?" சொல்லலாம். அடுத்த கேள்வி.

"சாத்திரி போடச் சொன்ன மோதிரம் எண்டா?", "விரல் வீங்கி, கழருதில்லை எண்டா?" இது நியாயமான கேள்வி. அப்பிடியானவைக்குத் தடியால அடிக்கிற தாழ்மேளம் இருக்கு, கிலுக்கி இருக்கு. கழட்ட ஏலாத கலியாண மோதிரத்துக்குத் துணிப் பிளாஸ்டர் நல்லாச் சுத்தி வாசிச்ச அக்காமாரும் எங்களோட இருக்கினம். ஒருத்தரையும் திருப்பி அனுப்புறேல்லை.

"பொதுக் குழு எண்டு சொல்லிப்போட்டுச் சட்டம் என்னத்துக்கு?" இதுதான் எனக்கு விசர் ஏத்துற கேள்வி. பொது எண்டபடியாத்தான் சட்டம்! தனி ஆளின்ட மேளம் கிழிஞ்சா அவர் வாங்குவார். பொது மேளம் கிழிஞ்சா அடுத்த கிழமை ஒரு சின்னப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். டச்சுக் குடாக் கடற்கரையில வாசிக்கக் கூடேக்கயும் சட்டம் இருக்கு. கதிரைக் கால் மணலில புதையாமப் பலகை போடவேணும். மேளத்தை நேர மணலில நிறுத்தக்கூடாது, அடிவாய் அடைபட்டா பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், வராது. முன்னுக்குச் சரிச்சு முழங்காலுக்குள்ள பிடிக்கவேணும். புதுசா வாறவையை நிதானமா அடிக்கிற ஆளுக்குப் பக்கத்தில இருத்துவம். ஏனெண்டா எல்லாருக்கும் உசார் வந்தா சத்தம் கூடும், சத்தத்தோட வேகமும் கூடும், பத்து நிமிசத்தில தாளம் எங்கயோ போயிடும். அப்ப தாழ்மேளத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாரும் மெல்லமா அடிச்சுத்தான் இறக்கவேணும். இது அடக்குமுறை எண்டா நீங்கள் தனியா வீட்டில ஒரு வாளியைத் தட்டலாம்.

பிறகு வழமையான ஆள்: "எங்கட பறையும் உடுக்கும் இருக்க மாலி, கினி மேளம் என்னத்துக்கு?" அதையும் வாசிப்பம், இதையும் வாசிப்பம். கிண்ணியாவில இருந்து வாற தம்பி றபான் எண்ட வட்டக் கைமேளமும் கொண்டுவாறவர். றபானைத் தணலில காட்டிச் சூடாக்கின பிறகுதான் கை வைப்பினம். உடுக்குக்காரர் நடு நூலை அமத்திச் சுதி பார்க்கிறவர். தோல் எண்டா எல்லாத்துக்கும் பக்குவம் ஒண்டுதான். அவையைப் பார்த்து அலட்டல் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வராது. எங்களைப் பார்த்துத்தான் வரும்.

ஏன் தெரியுமோ? எங்களைக் கூப்பிடுறதே அதிதி வரப் பிந்தினா நேரம் போக்கத்தான். "பிள்ளையள், ஏதாவது ஒரு பத்து நிமிசம் அடியுங்கோ." அதிதி வந்தவுடன அடி நடுவில நிப்பாட்டச் சொல்லுவினம். முடிவு அடி எண்டு ஒண்டு இருக்கு, அதை அடிக்கக்கூட விடமாட்டினம். ஒரு ஓட்டோவில நாலு மேளத்துக்கு மேல ஏத்த ஏலாது, பதினாறு மேளம், போகவர எத்தினை ஓட்டோ எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ. "சாப்பாடு இருக்குத்தானே தம்பி" எண்டினம். ஓட்டோக்காரருக்கும் பார்சலோ குடுக்கிறது?

அண்டைய ஓட்டோக் கணக்கு அடுத்த நாளே வட்சப்பில அனுப்பியாச்சு. ரெண்டு நீலக் கோடும் விழுந்திருக்கு. காசு விழேல்லை.