ஈர ராடில் ஒட்டிய டிரெய்லரை எந்த தைரியத்தில் இறக்கத்தில் ஓட்டுவது?

மழை பிடித்துவிட்டால் நீலகிரியில் தீக்குச்சி கூட நமத்துப் போகும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெல்டிங் பட்டறையில் ராடு (உருகி மூட்டை ஒட்டுகிற, மேலே பூச்சு பூசிய கம்பி) பாக்கெட்டைப் பிரித்து, மூடாமல், தரையோரம் வாரக்கணக்கில் போட்டு வைத்து, அதையே எடுத்து என் டிரெய்லர் ஃபிரேமை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிற எங்களுக்கு டிரெய்லர் ஆடம்பரம் இல்லை. தோட்டத்திலிருந்து கழுவுகிற மெஷினுக்கு மூட்டை போக, பவர் டில்லருக்குப் பின்னால் ஒன்று வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. 75-க்கு 40 மில்லிமீட்டர் சி சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்), பழைய ஜீப் ஆக்சில், முன்னால் ஒரு கொக்கி என்று கட்டிக்கொள்கிறோம். அதில் தப்பே இல்லை. ஒழுங்காக ஒட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

என்னுடையதில் ஒட்டு விட்டுப்போனது, இழுவைத் தண்டு முன் குறுக்குச் சட்டத்தோடு சேருகிற மூட்டு. ஏற்றத்தில், முழு லோடோடு. பின்னால் யாராவது நடந்து வந்திருந்தால்? நினைத்தாலே பதறுகிறது. சமவெளியில் மூட்டு விட்டால் வண்டி அங்கேயே நிற்கும். இங்கே விட்டால் உருளும், கீழே அடுத்தவர் வீட்டுக் கூரை இருக்கும்.

விட்ட இடத்தைப் பார்த்தேன். உள்ளே பூச்சி அரித்த மாதிரி ஓட்டைகள். ஒரு பக்கம் இரும்பு உருகவே இல்லை, சேனலை வெட்டின விளிம்பு அப்படியே கூராக நிற்கிறது. வெளியே மட்டும் வரி வரியாக அழகு, அதன் மேல் ரெட் ஆக்சைடு என்கிற துருத் தடுப்பு பெயிண்ட்.

ராடின் பூச்சு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆர்க் சூட்டில் அந்தத் தண்ணீர் ஹைட்ரஜனாகப் பிரிந்து உருகிய இரும்புக்குள் போகும். இரும்பு இறுகும்போது வெளியே வர வழியில்லாமல் வாயு குமிழியாக உள்ளேயே தங்கிவிடும். 6013 என்கிற சாதாரண ரக ராடு என்றால் 100 டிகிரி சூட்டை ஒட்டிக் கொஞ்ச நேரம் உலர்த்தினாலே போதும். 7018 என்கிற வலுவான ரகம் அப்படி இல்லை, 300 டிகிரி அளவில் ஒரு மணி நேரமாவது வாட்ட வேண்டும். "இது ஸ்ட்ராங் ராடு, காசு கூட ஆகும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, நமத்த பெட்டியிலிருந்து அதை எடுத்து ஒட்டினால் அதற்குப் பெயர் ஏமாற்று வேலை.

உருகாமல் போனது கரண்ட் பற்றாமல். கேரட் மெஷின்கள் ஓடுகிற நேரத்தில் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும். சரி, அது பட்டறைக்காரர் குற்றம் இல்லை. "காலையில் வாங்க, நல்லா பிடிக்கும்" என்று சொல்லலாமே! அப்புறம் துருவையும் பழைய பெயிண்டையும் கிரைண்டரில் தேய்க்காமல் மேலேயே ஒட்டினார்களே, அதற்குமா வோல்டேஜ் காரணம்?

கேட்டால் ஒரே பதில்: "ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம்." ஆகிவிட்டதே! உடைந்த மூட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டியும் அதையே சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்காதா?

இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் ராடை உலர்த்தாமல் என் சேனலைத் தொடக் கூடாது. ரெட் ஆக்சைடு டப்பா என் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒட்டின இடத்தின் மேல் படிகிற கசடு தட்டி, பிரஷ் போட்டு, முன்னும் பின்னும் நான் பார்த்த பிறகுதான் பெயிண்ட்.