சோம்பேறி நாடு என்று சொல்வதற்கு முன்

அந்த மேடைப் பேச்சுக்கு இத்தனை பேர் கைதட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்தியா சோம்பேறி நாடாம், நம் ஆட்கள் ஒழுங்காக உழைத்தால் இருபது வருடத்தில் அமெரிக்காவைப் பிடித்துவிடலாமாம். பேசியவர் படித்தவர், அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

1960-இல் நம் தலா வருமானம், அதாவது ஆளுக்குச் சராசரியாக வரும் வருமானம், வருடத்துக்கு ஏறத்தாழ 80 டாலர், அமெரிக்காவில் 3,000. 2023-இல் நமக்குச் சுமார் 2,500, அவர்களுக்கு 80,000-க்கும் மேல். அறுபது வருடம் கழித்தும் வித்தியாசம் முப்பது மடங்குக்குக் குறையவில்லை. நம் தலா வருமானம் 7 சதவீதம் கூடினால் ஆளுக்கு 175 டாலர் சேரும், அவர்களுக்கு வெறும் 2 சதவீதம் கூடினாலே 1,600. நாம் அவர்களைவிட வேகமாக வளரும் வருடத்திலும் இடைவெளி பெரிதாகிக்கொண்டுதான் போகிறது. இதில் சோம்பல் எங்கே வந்தது?

அங்கே விலைவாசி அதிகம் என்பீர்கள். சரி, வாங்கும் திறனை, அதாவது அந்தந்த நாட்டு விலையில் அந்த வருமானம் எவ்வளவு வாங்கும் என்பதை வைத்தே கணக்குப் போடுங்கள், அப்போதும் வித்தியாசம் எட்டு மடங்கு.

சீனா முன்னேறவில்லையா என்று கேட்பீர்கள். முன்னேறியது. 1990-இல் தலா வருமானத்தில் நமக்குக் கீழே இருந்தவர்கள் இன்று நம்மைப்போல் ஐந்து மடங்கு. நம் அரசுகள் செய்யத் தவறியது நிறைய, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் முன்னேறுவதற்கு முன்னால் சீனர்கள் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களைச் சுற்றித் தொழிற்சாலையும் துறைமுகமும் மின்சாரமும் முதலீடும் வந்தன.

என் அக்கா நர்ஸ். இங்கே தனியார் மருத்துவமனையில் மாதம் முழுக்க இரவுப்பணி பார்த்து வாங்கிய சம்பளத்தை இப்போது வெளிநாட்டில் இரண்டு நாளில் வாங்குகிறாள். அதே படிப்பு, அதே கை. விமானத்தில் ஏறி இறங்கியதும் அவள் திடீரென்று உழைப்பாளி ஆகிவிட்டாளா? நாடுதான் மாறியது. உலகத்தில் ஒருவருடைய வருமானத்தில் பாதிக்கும் மேலான வித்தியாசத்தை அவர் வாழும் நாடே தீர்மானிக்கிறது என்று பிராங்கோ மிலானோவிச் போன்ற பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், அக்கா பிரசவத்துக்குப் போக அம்மா விசா கேட்டாள். வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லை, திரும்பி வருவாள் என்று நம்ப முடியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். நாம் தைத்த சட்டை போகலாம், நாம் படிக்கவைத்த நர்ஸ் போகலாம், பெற்ற தாய் மட்டும் போகக்கூடாது. முப்பது வருடம் வயலில் நின்றவள் அவள். அவளைப் பார்த்து உழைப்பு போதவில்லை என்று சொல்ல உங்களில் யாருக்கு மனசு வரும்?